குதிரையேறத் தெரியாத முதல் கௌபாய்

1958-ம் ஆண்டு மார்ச் 26-ந் தேதி ஹாலிவுட்டில் ஆஸ்கார் பரிசளிப்பு விழா நடந்தது. அந்த ஆண்டு கௌரவப் பரிசுக்குத் தேர்ந்தெடுக்கப்பட்டவர்களில் ஒருவர் கில்பர்ட் ஆண்டர்சன். ஐந்து நாட்களுக்கு முன்புதான் அவருக்கு 78 வயது நிறைந்திருந்தது. சினிமாத் தொழிலை விட்டு அவர் ஒதுங்கி ஏறக்குறைய 35 ஆண்டுகள் ஆகியிருந்தன. இளம் வயதினர் பலருக்கு அந்தப் பெயர் எதையும் நினைவூட்டவில்லை. ஆனால் தலை நரைத்தவர்களிடம் பிராங்கோ பில்லி என்று சொன்னால் போதும், உடனே தெரிந்துவிடும். சிறு வயதில் ஐந்து சென்ட் நாணயத்தைக் கையில் இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவர்கள் கொட்டகைக்கு ஓடியது இவரைப் பார்க்கத்தான்.

அகன்ற தொப்பி, இடுப்பில் துப்பாக்கி, புழுதி பறக்கக் குதிரையில் வரும் வீரன். இந்த உருவத்தை உலகம் முழுவதும் எத்தனையோ படங்களில் பார்த்தாகிவிட்டது. இந்த வரிசையில் முதல் ஆள் ஆண்டர்சன். அவர் மாட்டுப் பண்ணையில் பிறந்தவரும் அல்ல, வளர்ந்தவரும் அல்ல. முதல் தடவை குதிரையேறச் சொன்னபோது அவருக்கு ஏறவே தெரியவில்லை என்பதுதான் வேடிக்கை.

வியாபாரக் குடும்பம்

அவருடைய சொந்தப் பெயர் மாக்ஸ் ஆரன்சன். 1880-ம் ஆண்டு மார்ச் 21-ந் தேதி அமெரிக்காவின் ஆர்க்கன்சா மாநிலத்தில் லிட்டில் ராக் நகரில் பிறந்தார். யூதக் குடும்பம். தந்தை ஹென்றி ஊர் ஊராகச் சென்று சரக்கு விற்கும் வியாபாரி. பைன் பிளஃப் என்ற ஊரில் சில காலம் இருந்துவிட்டு, பிறகு குடும்பம் செயின்ட் லூயிஸ் நகருக்குக் குடிபெயர்ந்தது.

மாக்ஸுக்கு வியாபாரத்தில் நாட்டமில்லை. மனம் நாடக மேடையைச் சுற்றியே வந்தது. வாலிப வயதில் நியூயார்க் போய்ச் சேர்ந்தார். மேடையில் எப்போதாவது சின்ன வேடம் கிடைத்தது. மற்ற நாட்களில் பத்திரிகை விற்றார். படக்காரர்கள் முன் மணிக்கணக்கில் அசையாமல் நின்று போஸ் கொடுத்துக் கூலி வாங்கினார். ஆள் அழகர் அல்ல. கட்டுமஸ்தான உடம்பு, பெரிய மூக்கு. மேடைக்காகத் தம் பெயரை கில்பர்ட் ஆண்டர்சன் என்று மாற்றிக்கொண்டார்.

அந்த நாளில் சலனப்படம் கௌரவமான தொழில் அல்ல. நாடக நடிகர்கள் அதில் நடித்தால் வெளியே சொல்ல மாட்டார்கள். ஆண்டர்சனுக்கு அந்த வெட்கம் இல்லை. வயிற்றுப்பாடு முதலில். எடிசன் கம்பெனியின் கதவைத் தட்டினார். அங்கே படம் எடுத்துக்கொண்டிருந்தவர் எட்வின் போர்ட்டர்.

ரயில் கொள்ளை

1903-ம் ஆண்டின் கடைசி மாதங்களில் போர்ட்டர் ஒரு ரயில் கொள்ளைக் கதையைப் படமாக்கினார். பெயர் 'தி கிரேட் டிரெயின் ராபரி'. உள்காட்சிகளை நியூயார்க் ஸ்டுடியோவிலும், வெளிக்காட்சிகளைப் பக்கத்து மாநிலமான நியூ ஜெர்சியிலும் எடுத்தார்கள். லாக்கவானா ரயில்வே வண்டியும் பாதையும் கொடுத்து உதவியது. மொத்தம் 740 அடி நீளம். ஓடும் நேரம் பன்னிரண்டு நிமிடம்.

இன்று பார்த்தாலும் ரயில்வேக்காரர்களுக்கு அந்தப் படம் சுவைக்கும். முதல் காட்சியே ஒரு தந்தி ஆபீஸ். இரண்டு கொள்ளைக்காரர்கள் துப்பாக்கியோடு நுழைகிறார்கள். வண்டியை நிறுத்தும்படி தந்தி குமாஸ்தாவை மிரட்டுகிறார்கள். இந்த ஸ்டேஷனில் தண்ணீர் பிடிக்க வேண்டும் என்று இன்ஜின் டிரைவருக்கு உத்தரவு எழுதச் செய்கிறார்கள். பிறகு குமாஸ்தாவை அடித்துக் கட்டிப்போடுகிறார்கள். தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் பதுங்கியிருந்து, வண்டி கிளம்பும்போது தொற்றி ஏறிக்கொள்கிறார்கள்.

தபால் வண்டியில் பணப்பெட்டிக்குக் காவலாக இருந்தவர் பெட்டியைப் பூட்டிச் சாவியை வெளியே எறிகிறார். அவரைச் சுட்டுவிட்டுப் பெட்டியை வெடிவைத்துத் திறக்கிறார்கள். இன்னொரு பக்கம் ஓடும் இன்ஜினில் நிலக்கரி மேட்டின் மேல் சண்டை. வண்டி நிற்கிறது. இன்ஜினைத் தனியே கழற்றிவிடுகிறார்கள். பயணிகள் எல்லாரையும் இறக்கித் தண்டவாளத்தின் ஓரமாகக் கையைத் தூக்க வைத்து வரிசையாக நிறுத்திக் கொள்ளையடிக்கிறார்கள். ஒரு பயணி மட்டும் துணிந்து ஓடுகிறான். முதுகில் குண்டு பாய்ந்து விழுகிறான். கொள்ளைக்காரர்கள் இன்ஜினிலேயே கொஞ்ச தூரம் போய், காட்டில் கட்டி வைத்திருந்த குதிரைகளில் ஏறித் தப்புகிறார்கள்.

ஆபீஸில் கட்டுண்டு கிடக்கும் குமாஸ்தாவை அவருடைய சின்ன மகள் வந்து அவிழ்த்துவிடுகிறாள். அவர் ஓடிப்போய் ஊராரிடம் சொல்கிறார். ஊரார் துரத்திப் போய்க் கொள்ளைக்காரர்களைச் சுட்டு வீழ்த்துகிறார்கள்.

கதைக்குச் சம்பந்தமில்லாத ஒரு காட்சியும் உண்டு. கொள்ளைக்காரன் ஒருவன் முகத்துக்கு நேரே துப்பாக்கியை நீட்டிக் கொட்டகையில் உள்ளவர்களைப் பார்த்துச் சுடுகிறான். இதைப் படத்தின் தொடக்கத்தில் காட்டுவதா, முடிவில் காட்டுவதா என்பதைக் கொட்டகைக்காரரின் விருப்பத்துக்கு விட்டுவிட்டார்கள்.

மூன்று வேடம்

ஆண்டர்சனைக் கொள்ளைக்காரனாகப் போட நினைத்தார் போர்ட்டர். குதிரை ஏறத் தெரியுமா என்று கேட்டார். வேலை போய்விடக் கூடாதே! பிறந்ததே குதிரை மேல்தான் என்கிற மாதிரி பதில் சொல்லி வைத்தார் ஆண்டர்சன். படப்பிடிப்பு நாளில் குட்டு வெளிப்பட்டது. குதிரை அவரைக் கீழே தள்ளிவிட்டது. பிற்காலத்தில் அவரே சிரித்துக்கொண்டு சொன்ன கதை இது.

போர்ட்டர் அவரை விரட்டிவிடவில்லை. குதிரை தேவைப்படாத வேடங்களைக் கொடுத்தார். கொள்ளைக்காரர்களில் ஒருவர், முதுகில் சுடப்பட்டு விழும் பயணி, நடன விடுதியில் காலடியில் துப்பாக்கியால் சுட்டு ஆட வைக்கப்படும் பட்டணத்து ஆள் என்று ஒரே படத்தில் மூன்று வேடம். நெருங்கிய காட்சி கிடையாது. அதனால் யாரும் கண்டுபிடிக்க முடியவில்லை.

படம் வெளியானதும் அவர் ஜனங்களோடு உட்கார்ந்து பார்த்தார். அவருடைய வாழ்க்கையைத் திருப்பியது அந்தப் பன்னிரண்டு நிமிடம்தான். ஜனங்கள் இருக்கையில் உட்காரவில்லை. எழுந்து நின்று கூச்சல் போட்டார்கள். கொள்ளைக்காரர்களைப் பிடிக்கச் சொல்லிக் கத்தினார்கள். முடிந்ததும் மறுபடி ஓட்டும்படி கேட்டார்கள். நடிகனின் பெயர் திரையில் இல்லை. அவன் யாரென்று ஒருவருக்கும் தெரியாது. ஆனாலும் இந்தத் தொழில்தான் தம் தொழில் என்று ஆண்டர்சன் அன்றே முடிவு செய்துவிட்டார். குதிரையைப் பற்றி அவருக்கு ஒன்றும் தெரியாது. கூட்டத்தைப் பற்றித் தெரிந்துகொண்டார்.

எஸ் என்றால் ஸ்பூர்

அடுத்த மூன்று நான்கு ஆண்டுகள் கம்பெனி விட்டுக் கம்பெனி மாறினார். விட்டாகிராப் கம்பெனியில் டைரக்டர் ஆனார். பிறகு சிக்காகோவில் வில்லியம் செலிக் என்பவரிடம் சேர்ந்தார். அவருக்காக 1907-ல் கொலராடோ மலைப்பக்கம் போய்ப் படம் எடுத்தார். மேற்குப் பிரதேசக் கதைகளை நியூ ஜெர்சி தோப்புகளில் எடுத்து வந்த காலத்தில் நிஜமான மலை, நிஜமான பாறை, நிஜமான புழுதி எல்லாம் திரைக்கு வந்தன.

சம்பளக்காரராகவே காலம் தள்ள அவருக்கு மனமில்லை. அதே ஆண்டில் ஜார்ஜ் ஸ்பூர் என்ற சிக்காகோ முதலாளியோடு கூட்டுச் சேர்ந்து சொந்தக் கம்பெனி தொடங்கினார். ஸ்பூரின் பெயரிலிருந்து எஸ், ஆண்டர்சனின் பெயரிலிருந்து ஏ. இரண்டையும் சேர்த்து உச்சரித்தால் எஸ்ஸனே. அதுவே கம்பெனியின் பெயர். செவ்விந்தியர் தலை அதன் முத்திரை. முதல் படம் பென் டர்ப்பினை வைத்து எடுத்த சக்கரக்கால் சறுக்கு வேடிக்கைப் படம். செலவு சொற்பம், வரவு அதிகம்.

ஸ்பூர் சிக்காகோவில் கணக்கு வழக்கைப் பார்த்தார். ஆண்டர்சன் சிறு குழுவோடு 1909-ல் மேற்கு நோக்கிப் புறப்பட்டார். கொலராடோ, டெக்சாஸ், கலிபோர்னியா என்று ரயில் ஏறி இறங்கி, நல்ல வெளிச்சமும் நல்ல மலையும் கிடைத்த இடத்தில் எல்லாம் காமிராவை நிறுத்தினார். கதை, டைரக்ஷன், நடிப்பு எல்லாம் அவரே. எடுத்த பிலிம் சுருள்கள் ரயிலில் சிக்காகோவுக்குப் போகும். அங்கே பிரதி எடுத்து நாடெங்கும் அனுப்புவார்கள்.

இரவல் பெயர்

1910-ம் ஆண்டு ஜூலையில் ஒரு படம் வந்தது. 'பிராங்கோ பில்லியின் மீட்சி' என்று அதன் பெயரைத் தமிழில் சொல்லலாம். பிடிபட்டால் தண்டனை நிச்சயம் என்ற நிலையில் உள்ள ஒரு திருடன், வழியில் நோயாளி ஒருவரைக் காண்கிறான். ஓடித் தப்பிப்பதா, அவரை ஊருக்குக் கொண்டு சேர்ப்பதா என்ற சோதனை. அவன் தப்பிப் போகவில்லை.

அந்த வேடத்துக்கு ஏற்ற ஆள் கிடைக்காததால் ஆண்டர்சனே நடித்தார். பிராங்கோ பில்லி என்ற பெயரும் அவருடைய கற்பனை அல்ல. பீட்டர் கைன் என்ற எழுத்தாளர் பத்திரிகையில் எழுதிய கதையிலிருந்து எடுத்தது. ஆசிரியரிடம் முன்கூட்டிக் கேட்கவில்லை என்றும், பிறகு அவர் வந்து விசாரித்தபோது பேசி முடித்துக்கொண்டதாகவும் ஆண்டர்சன் பின்னாளில் சொன்னார். இரவல் பெயர்தான். ஆனால் அதை உலகப் பெயர் ஆக்கியவர் அவர்.

இதன் முக்கியத்துவம் இன்றைய ரசிகர்களுக்குச் சட்டென்று விளங்காது. அதுவரை படக் கம்பெனிகள் நடிகர்களின் பெயரை வெளியிடுவதில்லை. பெயர் தெரிந்தால் சம்பளம் உயர்த்திக் கேட்பார்கள் என்ற பயம். ஜனங்கள் பார்த்தது கம்பெனியின் முத்திரையைத்தான். ஆண்டர்சன் செய்தது என்ன? ஒரே பெயர், ஒரே முகம், வாராவாரம் ஒரு புதுக் கதை. போன வாரம் பார்த்த ஆளை இந்த வாரமும் பார்க்கலாம் என்ற நிச்சயத்தை ஜனங்களுக்குக் கொடுத்தார். சினிமாவில் கதாநாயகனுக்காகக் கூட்டம் வரும் வழக்கத்துக்கு அஸ்திவாரம் போட்டவர்களில் அவர் ஒருவர்.

கதைகளில் தொடர்ச்சி இருக்காது. ஒரு வாரம் பில்லி திருடன், அடுத்த வாரம் போலீஸ் அதிகாரி, அதற்கடுத்த வாரம் மாட்டுப் பண்ணை ஆள். ஒரு படத்தில் அவனுக்குக் கல்யாணம் ஆகிவிடும். இன்னொன்றில் செத்தே போவான். அடுத்த வாரம் உயிரோடு வந்து நிற்பான். யாரும் கேள்வி கேட்கவில்லை. எப்படியிருந்தாலும் பில்லியின் குணம் மட்டும் மாறாது. கெட்டவனாக இருந்தாலும் ஒரு குழந்தை, ஒரு நோயாளி, ஓர் ஏழைப் பெண் எதிர்ப்பட்டால் அவன் மனம் இளகும். பெண்களிடம் பேசக் கூச்சப்படுவான். கெட்டவனுக்குள் இருக்கும் இந்த நல்லவனைத்தான் பின்னால் வந்த கௌபாய் நடிகர்கள் அத்தனை பேரும் கையாண்டார்கள்.

இப்படி 1910 முதல் 1915 வரை பிராங்கோ பில்லி படங்கள் மட்டும் 150-ஐ நெருங்கின. ஒவ்வொன்றும் ஒன்று அல்லது இரண்டு ரீல். இவ்வளவு படம் எடுத்த பிறகு ஆண்டர்சன் குதிரை ஏறவும் கற்றுக்கொண்டார். ஆனால் கடைசி வரை அவர் பெரிய சவாரிக்காரர் என்று யாரும் சொன்னதில்லை.

ஜங்ஷனில் ஒரு ஸ்டுடியோ

1912-ம் ஆண்டு ஏப்ரல் முதல் தேதி ஆண்டர்சனின் குழு கலிபோர்னியாவில் நைல்ஸ் என்ற சிற்றூரில் வந்து இறங்கியது. சான் பிரான்சிஸ்கோவுக்கு அருகே, மலைக் கணவாயின் வாயில் உள்ள ரயில் ஜங்ஷன் அது. கண்டத்தைக் கிழக்கு மேற்காக இணைத்த ரயில் பாதை 1869-ல் இந்தக் கணவாய் வழியாகத்தான் கடற்கரையை எட்டியது. ஒரு பக்கம் பாறையும் ஓடையும், மறு பக்கம் ஸ்டேஷனும் கடைத்தெருவும். வண்டியிலிருந்து இறங்கி நாலு எட்டு நடந்தால் படமெடுக்கும் இடம். கௌபாய் படத்துக்கு வேறென்ன வேண்டும்?

அடுத்த ஆண்டு அங்கே கண்ணாடிக் கூரை போட்ட ஸ்டுடியோ கட்டினார். நடிகர்கள் தங்க வரிசையாகச் சிறு வீடுகள். மார்கரெட் கிளேட்டன் கதாநாயகியாக நடித்தார். நிஜமான மாட்டுப் பண்ணை ஆட்கள் குதிரையோடு வந்து வேலைக்குச் சேர்ந்தார்கள். ஆண்டர்சன் செய்ய முடியாத சவாரிகளை அவர்கள் செய்தார்கள். 1912 முதல் 1916 வரை அந்தச் சின்ன ஊரில் 300-க்கும் மேற்பட்ட படங்கள் தயாராயின. ஊர்க்காரர்களே கூட்டத்தில் நின்றார்கள். கடைத்தெருவில் துப்பாக்கிச் சத்தம் கேட்டால் யாரும் பயப்படுவதில்லை, படப்பிடிப்பு என்று தெரியும்.

சாப்ளின் வந்தார்

1914-ம் ஆண்டின் கடைசியில் எஸ்ஸனே கம்பெனி ஒரு பெரிய காரியம் செய்தது. கீஸ்டோன் கம்பெனியில் இருந்த சார்லி சாப்ளினை வாரம் 1,250 டாலர் சம்பளத்துக்கு அழைத்தது. கையெழுத்துப் போடும்போது தனியாக 10,000 டாலர் என்பதும் பேச்சு. சாப்ளினைப் பிடிக்க வேண்டும் என்று துடித்தவர் ஆண்டர்சன். சிக்காகோவில் இருந்த ஸ்பூருக்கோ சாப்ளினின் பெயரே சரியாகத் தெரியாது. தொகையைக் கேட்டுத் திகைத்தார். பணம் கொடுக்க இழுத்தடித்தார். பங்காளிகள் இருவருக்குள் விரிசல் வெளியே தெரிந்தது இங்கேதான்.

சாப்ளின் சிக்காகோவில் ஒரு படம் எடுத்துவிட்டு, குளிர் தாங்காமல் நைல்ஸ் வந்தார். லட்சாதிபதியான ஆண்டர்சன் குடியிருந்த வீட்டைப் பார்த்து அவர் திடுக்கிட்டார். ஒரு கட்டில், ஒரு மேஜை, உத்தரத்திலிருந்து தொங்கும் ஒரு விளக்கு. இவ்வளவுதான். பணம் சம்பாதித்த மனிதர் வாழ்கிற வீடா இது என்று அவருக்கு ஆச்சரியம். ஆண்டர்சனுக்கு வேலைதான் வீடு.

நைல்ஸில் சாப்ளின் ஐந்து படங்கள் எடுத்தார். 'தி சாம்பியன்' படத்தில் குத்துச் சண்டை பார்க்கும் கூட்டத்தில் முதலாளி ஆண்டர்சனே ஒரு ஆளாக உட்கார்ந்திருந்தார். பதிலுக்கு ஆண்டர்சனின் படம் ஒன்றில் சாப்ளின் சற்று நேரம் தலை காட்டினார். ஐந்தாவது படம் 'தி டிராம்ப்'. அதன் கடைசியில் தன்னந்தனியாக நாடோடி சாப்ளின் தெருவில் நடந்து போகிறாரே, உலகம் மறக்காத அந்தக் காட்சி நைல்ஸ் கணவாய்ப் பக்கம் எடுத்ததுதான். பிறகு ஊர் பிடிக்காமல் அவர் லாஸ் ஏஞ்சல்ஸ் போய்விட்டார். ஓர் ஆண்டு முடிந்ததும் கம்பெனியையும் விட்டுவிட்டார்.

கை நழுவியது

சாப்ளின் போனது ஒரு அடி. அதைவிடப் பெரிய அடி காலமாற்றம். ஒரு ரீல், இரண்டு ரீல் படங்களின் நாள் போய்க்கொண்டிருந்தது. 1915-ல் மூன்று மணி நேரப் படமே வந்துவிட்டது. வாரம் ஒரு துண்டுப் படம் என்ற ஆண்டர்சனின் வியாபாரத்துக்கு இனி இடமில்லை.

1916-ம் ஆண்டு தொடக்கத்தில் ஆண்டர்சன் தம் பங்கை ஸ்பூரிடமே விற்றுவிட்டு வெளியேறினார். பிப்ரவரி மாதம் நைல்ஸ் ஸ்டுடியோவை மூட உத்தரவு வந்தது. நடிகர்களும் ஆட்களும் மூட்டை கட்டிக்கொண்டு ரயில் ஏறினார்கள். இரண்டு ஆண்டுகளில் எஸ்ஸனே கம்பெனியும் முடிந்தது.

நாடகம்தான் ஆண்டர்சனின் முதல் காதல். கையில் இருந்த பணத்தோடு நியூயார்க் சென்று நாடகத் தயாரிப்பில் இறங்கினார். நிலைக்கவில்லை. மூன்றாண்டு கழித்து மீண்டும் கௌபாய் உடை அணிந்து நீண்ட படங்களில் நடித்தார். அதற்குள் அவர் காலி செய்த நாற்காலியில் வேறு இருவர் உட்கார்ந்திருந்தார்கள். ஒருவர் வில்லியம் ஹார்ட், மற்றவர் டாம் மிக்ஸ். ஹார்ட் மேற்குப் பிரதேசத்தை உள்ளபடி காட்டினார். டாம் மிக்ஸ் குதிரை மேல் செய்யாத வித்தையில்லை. ஆண்டர்சன் போட்ட பாதையில் இவர்கள் வேகமாக ஓடினார்கள். பாதை போட்டவர் பின்தங்கிவிட்டார்.

திறமைசாலியை அடையாளம் காணும் கண் மட்டும் அவரை விட்டுப் போகவில்லை. இங்கிலாந்திலிருந்து வந்த ஸ்டான் லாரல் என்ற சிரிப்பு நடிகரை வைத்துப் படங்கள் தயாரித்தார். அவற்றில் ஒன்றான 'தி லக்கி டாக்' படத்தில் லாரலைத் துப்பாக்கி காட்டி மிரட்டும் திருடனாக ஒரு தடித்த நடிகர் வந்தார். அவர்தான் ஆலிவர் ஹார்டி. உலகப் புகழ் பெற்ற அந்த ஜோடி முதன்முதல் ஒரே படத்தில் தோன்றியது ஆண்டர்சனின் தயாரிப்பில்தான். ஜோடி சேர்ந்து அவர்கள் பெயர் எடுத்ததோ வேறொரு முதலாளியிடம். 1923 வாக்கில் ஆண்டர்சன் சினிமாவுக்கு முழுக்குப் போட்டார்.

பெயருக்காக ஒரு வழக்கு

அதன் பிறகு இருபது ஆண்டுகள் அவரைப் பற்றிப் பேச்சே இல்லை. 1910-ல் மணந்த மனைவி மோலி, ஒரே மகள் மாக்சின் என்று குடும்பத்தோடு சந்தடியில்லாமல் வாழ்ந்தார். பேசும் படம் வந்தது. ஊமைப்படச் சுருள்களை வைத்துக் காப்பாற்ற யாரும் அக்கறைப்படவில்லை. சுலபத்தில் தீப்பற்றும் பிலிம் அது. எரிந்தது பாதி, மக்கியது பாதி. வெள்ளிச் சத்துக்காக உருக்கியதும் உண்டு. பிராங்கோ பில்லியின் படங்களிலும் பல இப்படியே போயின.

1942-ல் பாரமவுண்ட் கம்பெனி ஒரு பாட்டுப் படம் வெளியிட்டது. அதில் ஊமைப்பட காலத்தில் கௌபாய் நடிகராக இருந்து, இப்போது ஸ்டுடியோ வாசலில் காவல் காக்கும் ஒருவர் பாத்திரம். அவருக்கு வைத்த பெயர் பிராங்கோ பில்லி. கொட்டகையில் ஜனங்கள் சிரித்தார்கள். ஆண்டர்சனுக்குச் சிரிப்பு வரவில்லை. மறு ஆண்டு கோர்ட்டுக்குப் போனார். ஓய்ந்து ஒடிந்துபோன நடிகர் என்று தம்மைக் கேலி செய்வதாகச் சொல்லி 9 லட்சம் டாலர் நஷ்ட ஈடு கேட்டார்.

நினைத்துப் பார்த்தால் விசித்திரமாக இருக்கும். அந்தப் பெயரை அவர் முதலில் எடுத்ததே இன்னொருவர் கதையிலிருந்து. ஆனால் 150 படங்கள் நடித்துப் புழுதியிலும் வெயிலிலும் உழைத்து அதற்கு மதிப்பு ஏற்றியவர் அவர்தானே. கம்பெனி போயிற்று, ஸ்டுடியோ போயிற்று, படங்கள் போயின. மிச்சமிருந்த ஒரே சொத்து அந்தப் பெயர். அதையும் கேலிப்பொருள் ஆக்கியபோது அவரால் பொறுக்க முடியவில்லை.

மறுபடி வெளிச்சம்

1948-ல் ஆஸ்கார் கழகம் சினிமாவின் முன்னோடிகள் சிலருக்குக் கௌரவப் பரிசு கொடுத்தது. அவர்களில் இருவர் ஆண்டர்சனின் பழைய முதலாளி செலிக், பழைய பங்காளி ஸ்பூர். ஆண்டர்சனின் பெயர் அந்தப் பட்டியலில் இல்லை. கேமரா பின்னால் பணம் போட்டவர்கள் நினைவில் இருந்தார்கள். கேமரா முன்னால் நின்றவர் இல்லை.

பிராங்கோ பில்லியின் முறை வர இன்னும் பத்து ஆண்டுகள் ஆயின. தொலைக்காட்சியில் கௌபாய் தொடர்கள் நாள் தவறாமல் ஓடிக்கொண்டிருந்த காலம் அது. இந்த வகைப் படங்கள் எங்கே தொடங்கின என்று தேடியவர்களின் தேடல் அவரிடம் வந்து நின்றது. 1958-ல் பரிசு கிடைத்தது. சலனப்படத்தை ஜனங்கள் விரும்பும் பொழுதுபோக்காக வளர்த்ததில் அவருக்குள்ள பங்கிற்காக அந்தக் கௌரவம்.

1965-ல் 'தி பவுண்ட்டி கில்லர்' என்ற கௌபாய் படத்தில் சின்ன வேடம் ஒன்றில் தோன்றினார். அப்போது வயது 85. 1903-ல் ரயில் கொள்ளைப் படத்தில் சுடப்பட்டு விழுந்தவர், 62 ஆண்டுகளுக்குப் பிறகும் அதே வகைப் படத்தில் தலை காட்டினார். 1971-ம் ஆண்டு ஜனவரி 20-ந் தேதி கலிபோர்னியாவில் காலமானார். 90 வயது நிறைந்து, இன்னும் இரண்டு மாதத்தில் 91 ஆகியிருக்கும்.

நைல்ஸ் ஸ்டுடியோவை 1933-ல் இடித்துவிட்டார்கள். அந்த ஊரும் 1956-ல் ஃப்ரீமான்ட் நகரோடு இணைந்துவிட்டது. ஆனால் ஊரார் மறக்கவில்லை. எஸ்ஸனே நினைவாக அங்கே ஊமைப்பட அருங்காட்சியகம் இருக்கிறது. ஆண்டர்சன் காலத்துக் கொட்டகை ஒன்றில் பழைய படங்களைத் திரையிடுகிறார்கள், பக்கத்தில் ஒருவர் பியானோ வாசிக்கிறார். கணவாயில் நின்றுபோன ரயில் பாதையிலும் 1988 முதல் தொண்டர்கள் பழைய வண்டிகளை ஓட்டுகிறார்கள்.

அந்தக் கொட்டகையில் விளக்கு அணைந்ததும், திரையில் புழுதி கிளப்பிக்கொண்டு ஒரு குதிரை வருகிறது. அதன் மேல் இருப்பவர் சவாரியில் அவ்வளவு கெட்டிக்காரர் அல்ல. பார்க்கிற குழந்தைகளுக்கு அது தெரிவதில்லை. நூறு ஆண்டுகளுக்கு முன் பார்த்த குழந்தைகளுக்கும் தெரிந்ததில்லை.